வம்சாவளிப் பேப்பர் உள்ள லேப் (லேப்ரடார்) நாய், அப்பனும் தாயும் நல்லாப் பார்க்குதுங்க. இவனுக்கு மட்டும் எப்படி பி.ஆர்.ஏ?

மணல்மேட்டான் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. எங்க வீட்டு கருப்பு லேப் ஆண், அஞ்சு வயசு முடிஞ்சுது. கொஞ்ச நாளா ராத்திரியில மாடிப்படி இறங்கத் தயங்குறான். கரண்ட் போனா நின்ன இடத்துலயே நிக்கிறான். பகல்ல பந்து போட்டா பறந்து போய்ப் பிடிக்கிறான், அதனால கண்ணுல கோளாறுன்னு யாருக்கும் தோணல. டார்ச் வெளிச்சம் பட்டா கண்ணு ரெண்டும் முன்னைவிட அதிகமா மின்னுது.

கண் பார்க்குற கால்நடை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரிஞ்சதும் பார்த்துட்டு, "பி.ஆர்.ஏ, பரம்பரையா வர்றது, விழித்திரை தேஞ்சுகிட்டே போகும், மருந்து கிடையாது"ன்னு சொல்லிட்டார். குட்டி கொடுத்தவருக்குப் போன் போட்டா, "அப்பன் சாம்பியன், தாய் என் வீட்லயே இருக்கு, ரெண்டுக்கும் கண்ணு ஜம்முனு இருக்கு, நீங்க சோறு போட்டு வளர்த்திருப்பீங்க, வைட்டமின் ஏ கொறைஞ்சிருக்கும்"னு வெச்சுட்டார்.

என் கேள்வி மூணு. அப்பன் தாய் ரெண்டுக்கும் பார்வை இருக்கும்போது இது எப்படி வந்துச்சு? இன்னொரு கிளினிக்ல லேசா கண்புரை ஆரம்பிச்சிருக்கு, ஆபரேஷன் பண்ணா சரியாகும்னாங்க, பண்ணலாமா? நண்பர் ஒருத்தர் தன் பெட்டைக்கு இவனை க்ராஸ் கேட்டு வெச்சிருக்கார், கொடுக்கலாமா?

நால்கால்_வைத்தியர் எழுதியது:

ஆபரேஷனை முதலில் சொல்லிவிடுகிறேன், பணம் வீணாவது அங்கேதான். பி.ஆர்.ஏ உள்ள நாய்களுக்குக் கண்புரை வருவது சகஜம். செத்துக்கொண்டிருக்கும் விழித்திரையிலிருந்து வெளியாகும் கழிவுகள் லென்ஸைப் பாதித்து அதையும் மங்கலாக்குகின்றன. வீட்டில் இருப்பவர்கள் கண்ணில் வெள்ளையைப் பார்த்ததும் அதுதான் காரணம் என்று நினைப்பார்கள். புரையை எடுத்தால் வெளிச்சம் உள்ளே போகும். போய் விழ வேண்டிய விழித்திரை வேலை செய்யாது. ஆகவே கத்தி வைக்கும் முன் ஈ.ஆர்.ஜி எடுக்கச் சொல்லுங்கள். கண்ணில் ஒளியைப் பளிச்சென்று காட்டி, விழித்திரை எழுப்பும் மின்துடிப்பைப் பதிவு செய்வது அது. கோடு தட்டையாக வந்தால் பார்வைக்காக ஆபரேஷன் வேண்டாம். ஆனால் புரையைக் கவனிக்காமலும் விடாதீர்கள். அது முற்றினால் கண்ணுக்குள் அழற்சி வரும், அதற்குச் சொட்டு மருந்து தேவைப்படும்.

வைட்டமின் ஏ கதையை நம்பாதீர்கள். கேரட், கீரையில் உள்ள கரோட்டினை நாய் தானே வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும், பூனைக்குத்தான் அது முடியாது. வைட்டமின் ஈ பல மாதம் கிடைக்காமல் போனால் நாய்க்கு விழித்திரை கெடுவது உண்மை. ஆனால் அதில் பழுப்புப் புள்ளிகள் தெரியும், தோற்றம் வேறு, கண் மருத்துவர் அதைப் பிரித்துச் சொல்லிவிடுவார்.

கண் மின்னுவதற்குக் காரணம்: நாயின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு படலம் உண்டு. விழித்திரை மெலிய மெலிய அந்தப் படலம் அப்பட்டமாகத் தெரியும், எனவே எதிரொளி கூடுகிறது. ரத்தக் குழாய்களும் நூல்போல மெலிந்திருக்கும். உங்கள் டாக்டர் இதையெல்லாம் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்.

க்ராஸ் கொடுக்காதீர்கள். எப்படி வந்தது என்பதை நம் ஜீன்கிறுக்கி விளக்கட்டும், அவர் வேலையே அது.

பழைய_கென்னல் எழுதியது:

ஏனுங்க தம்பி, குட்டி குடுத்தவன் மேல உடனே பழியைப் போடாதீங்க. நானும் லேப், கோல்டன் ரெண்டும் வெச்சு குட்டி எடுக்கறவன்தான். என் கென்னல்ல குருட்டுக் குட்டி பொறந்ததே இல்லீங்க. அப்பன் சாம்பியன், தாய்க்கும் பழுதில்ல, அப்புறம் எங்கிருந்து வந்துச்சாம்? டெஸ்ட் விக்கற கம்பெனிக்காரனுக பயமுறுத்தி வெச்சிருக்கானுக. முந்தியெல்லாம் இந்த டெஸ்டெல்லாம் இருந்துச்சுங்களா? நாய் நல்லா இல்லாமயா போச்சு?

ஜீன்கிறுக்கி எழுதியது:

ஐயா, குட்டி குருடாப் பொறக்காது, அதுதான் இந்த நோயோட விஷயமே. லேப்ல அதிகமாக் காணப்படுற வகைக்குப் பேர் பி.ஆர்.சி.டி. குட்டியா இருக்கும்போது விழித்திரை இயல்பா உருவாகிடும். பெரும்பாலும் மூணு, நாலு, அஞ்சு வயசுலதான் இருட்டுப் பார்வை மங்க ஆரம்பிக்கும். நீங்க குட்டியை 45 நாள்ல கொடுத்துடுறீங்க. அது அஞ்சு வருஷம் கழிச்சு வேற ஊர்ல தடுமாறும்போது உங்களுக்கு யார் போன் பண்ணப்போறாங்க? பண்ணாலும் "சோறு போட்டீங்க"ன்னு பதில் வரும். அதுக்குள்ள அந்த நாயே பல ஈத்துக்கு அப்பனாகியிருக்கும்.

மணல்மேட்டான், உங்க முதல் கேள்விக்கு வர்றேன். ஒவ்வொரு மரபணுவும் நாய்கிட்ட ரெண்டு பிரதி இருக்கு, அப்பன்கிட்டேர்ந்து ஒண்ணு, தாய்கிட்டேர்ந்து ஒண்ணு. பி.ஆர்.சி.டி ஒடுங்கு பண்பு. ஒரு பிரதி மட்டும் பழுதுன்னா மத்த பிரதி வேலையை முழுசா பார்த்துக்கும், அந்த நாய் சாகற வரைக்கும் நல்லாப் பார்க்கும். அதைத்தான் கேரியர்னு சொல்றோம். ரெண்டு கேரியர் சேர்ந்தா ஒவ்வொரு குட்டிக்கும் 25 சதவீதம் பார்வை போக வாய்ப்பு, 50 சதவீதம் கேரியர், 25 சதவீதம் சுத்தம். உங்க பையனோட அப்பன் தாய் ரெண்டும் நல்லாப் பார்க்குதுன்னு சொல்றது இதுக்கு எதிரான சாட்சியே இல்ல. ரெண்டும் கேரியரா இருந்தா அப்படித்தான் பார்க்கும்.

இப்ப அந்தப் பழுது எவ்வளவு சின்னதுன்னு பாருங்க. பி.ஆர்.சி.டி மரபணு உண்டாக்குற புரதத்துல மொத்தமே 54 அமினோ அமிலம்தான் (புரதத்தைக் கோக்கற மணிகள் மாதிரி). டி.என்.ஏ-ல ஒரே ஒரு எழுத்து மாறினதால ரெண்டாவது இடத்துல இருக்க வேண்டிய சிஸ்டீனுக்குப் பதிலா டைரோசின் வந்து உட்காருது. அவ்வளவுதான். அமெரிக்காவுல குஸ்தாவோ அகிர்ரே, கிரெகரி ஆக்லண்ட் குழுதான் இதை 2006-ல வெளியிட்டாங்க. லேப், மினியேச்சர் பூடில், இங்கிலிஷ் காக்கர், போர்ச்சுகீஸ் வாட்டர் டாக், செசபீக் பே ரெட்ரீவர்னு ஒட்டு உறவே இல்லாத மாதிரி தெரியுற இனங்கள்ல எல்லாம் அதே எழுத்து, அதே இடம், சுத்தியிருக்கிற டி.என்.ஏ துண்டும் ஒண்ணு. அதாவது இந்த இனங்கள் தனித்தனியாப் பிரியறதுக்கு முன்னாடியே ஏதோ ஒரு நாய்கிட்ட வந்த மாற்றம் இது. அதனால இது எந்தக் கென்னல்காரரோட குத்தமும் இல்லைங்க ஐயா. தெரிஞ்சுக்க வழி இருந்தும் பார்க்காம விடுறதுதான் பிரச்சனை.

"முந்தியெல்லாம் டெஸ்ட் இருந்துச்சா"ன்னு கேட்டீங்களே, இருந்துச்சு. ரொம்பக் கொடுமையான டெஸ்ட். 1911-லயே ஸ்வீடன்ல மாக்னுஸன்ங்கிறவர் கார்டன் செட்டர் நாய்கள்ல இந்த நோயை விவரிச்சுட்டார். பிரிட்டன்ல ஐரிஷ் செட்டர் இனம் இதால ரொம்ப அடிபட்டுச்சு. அப்ப என்ன பண்ணாங்கன்னா, சந்தேகமான நாயைக் குருட்டு நாயோட சேர்த்து விடுவாங்க. அது கேரியரா இருந்தா பாதிக் குட்டிக்குப் பார்வை போகும். கேரியருக்கு ஆறு குட்டி பிறந்து ஆறும் நல்லாப் பார்க்க 64-ல ஒரு வாய்ப்புதான், அதனால அப்படி வந்தா அது சுத்தம்னு எடுத்துக்குவாங்க. ஆனா அந்த ஆறு குட்டியும் நிச்சயமா கேரியர், தெரிஞ்சே உண்டாக்கினது! செட்டர்ல இருந்த வகை குட்டியா இருக்கும்போதே வெளிப்பட்டதால இந்த முறை ஓரளவு நடந்துச்சு. அஞ்சு வயசுல வெளிப்படுற லேப்ல இப்படிப் பார்க்கணும்னா அடுத்த தலைமுறையே கிழமாகிடும். கடைசியில 1993-ல பி.டி.இ.6பி மரபணுவுல பழுது இருக்குன்னு கண்டுபிடிச்சதும் செட்டருக்கு அந்தச் சோதனைக் கலப்பே தேவையில்லாமப் போச்சு.

கொடைரோடு_ரவி எழுதியது:

அருமையான விளக்கம். ஒரு சின்ன சந்தேகம். ஏன் எப்பவும் ராத்திரிப் பார்வைதான் முதல்ல போகுது?

நால்கால்_வைத்தியர் எழுதியது:

விழித்திரையில் இரண்டு வகை ஒளியுணர் செல்கள். மங்கிய வெளிச்சத்துக்குக் குச்சி செல்கள், பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் கூம்பு செல்கள். பெரும்பாலான பி.ஆர்.ஏ வகைகளில் பழுது குச்சி செல்லில்தான்.

ஐரிஷ் செட்டரை எடுத்துக்கொண்டால் புரியும். குச்சி செல்லுக்குள் சி.ஜி.எம்.பி என்று ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. இருட்டில் அது செல்லின் வாசல்களைத் திறந்து வைத்திருக்கும், கால்சியம் உள்ளே வரும். ஒளி பட்டதும் ஒரு நொதி அந்தப் பொருளை உடைக்கும், வாசல் மூடும், மூளைக்குச் செய்தி போகும். செட்டரில் அந்த நொதியே பழுது. பொருள் உடையாமல் சேர்ந்துகொண்டே போகிறது, வாசல் மூடுவதே இல்லை, கால்சியம் வெள்ளமாக நுழைந்து செல் செத்துவிடுகிறது. இந்த நொதி குச்சி செல்லில் மட்டும்தான் உண்டு. ஆனாலும் சுற்றியிருக்கும் குச்சி செல்கள் அழிந்தபின் கூம்பு செல்களும் ஆதரவு இல்லாமல் ஒவ்வொன்றாகப் போகின்றன. அதனால்தான் மாலைக்கண்ணில் தொடங்கி முழுக் குருட்டில் முடிகிறது.

இதற்கு நேர்மாறும் உண்டு. அலாஸ்கன் மாலமூட் என்ற நாய் இனத்தில் கூம்பு செல் மட்டும் வேலை செய்யாத ஒரு பரம்பரைக் கோளாறு இருக்கிறது. இரவில் ஜம்மென்று நடக்கும், பகல் வெயிலில் தூணில் முட்டும்.

அஞ்சு வயதுக்கு மேல் ஒரு நாய் ஓரிரு வாரத்தில் திடீரென்று முழுதாகப் பார்வை இழந்தால் அதை பி.ஆர்.ஏ என்று முடிவுகட்டாதீர்கள். சார்ட்ஸ் என்று வேறொன்று இருக்கிறது. தொடக்கத்தில் விழித்திரை பார்க்க நார்மலாக இருக்கும், ஈ.ஆர்.ஜி மட்டும் தட்டையாக வரும். மெதுவாக, இரவிலிருந்து பகலுக்கு நகர்ந்தால்தான் பி.ஆர்.ஏ.

பனிவண்டி எழுதியது:

நான் சைபீரியன் ஹஸ்கி வெச்சிருக்கேன் (வெயிலைப் பத்தி யாரும் பாடம் எடுக்காதீங்க, ஏசி ரூம்லதான் இருக்கான்). ஹஸ்கிக்கும் இதே டெஸ்ட் போதுமா?

ஜீன்கிறுக்கி எழுதியது:

வெயிலைப் பத்தி ஒண்ணும் சொல்லல, மனசுக்குள்ள வெச்சுக்கிறேன் :)

போதாது. ஹஸ்கி, சமோயெட் ரெண்டுலயும் ஒரு தனி வகை இருக்கு, எக்ஸ் குரோமோசோம்ல இருக்கிற ஆர்.பி.ஜி.ஆர் மரபணுவுல அஞ்சு எழுத்து காணாமப் போனது. ஆணுக்கு ஒரே ஒரு எக்ஸ்தான், அதனால தாய்கிட்டேர்ந்து ஒரு பழுது வந்தாலே பார்வை போயிடும். பெட்டைக்கு இன்னொரு எக்ஸ் காப்பாத்தும், விழித்திரையில அங்கங்க திட்டுத் திட்டா சேதம் இருக்கும், வீட்டுல யாருக்கும் தெரியாது. பார்வை போன ஆணோட மகள்கள் எல்லாருமே கேரியர், மகன்களுக்கு அவன்கிட்டேர்ந்து வராது.

மாஸ்டிஃப், புல்மாஸ்டிஃப் வெச்சிருக்கவங்களுக்கு இன்னும் வேற கணக்கு. அதுல ரோடாப்சின் மரபணுப் பழுது, ஓங்கு பண்பு, 2002-ல கண்டுபிடிச்சது. ஒரே ஒரு பிரதி போதும், கேரியர்ங்கிற பேச்சே கிடையாது.

"கண் டெஸ்ட் எடுத்தாச்சு"ன்னு விக்கிறவங்க சொன்னா எந்த மரபணுன்னு கேளுங்க. டெஸ்ட் ஒரு குறிப்பிட்ட பழுது இருக்கா இல்லையான்னு மட்டும்தான் சொல்லும். கோல்டன் ரெட்ரீவர்ல மட்டுமே பி.ஆர்.சி.டி தவிர எஸ்.எல்.சி.4.ஏ.3, டி.டி.சி.8-னு வேற ரெண்டு மரபணுவுலயும் பி.ஆர்.ஏ கண்டுபிடிச்சிருக்காங்க. ஒண்ணுல சுத்தம்னு சர்டிபிகேட் வாங்கின கோல்டன் இன்னொண்ணால குருடாகலாம். ஐயா, நீங்க கோல்டனும் வெச்சிருக்கேன்னீங்களே, அதுக்காகச் சொன்னேன்.

ராம்நாடு_வேட்டை எழுதியது:

இதுக்குத்தான் சொல்றது, நாட்டு நாய் வளங்கய்யா! சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை இருக்கும்போது எதுக்கு வெளிநாட்டு நாய்? இல்லைன்னா ரெண்டு சாதியைக் கலந்து விடு, எந்த நோயும் வராது.

ஜீன்கிறுக்கி எழுதியது:

நாட்டு நாய் வளக்கறது நல்லதுதான், நானும் ஆதரவு. ஆனா காரணம் இது இல்ல. மூடின வட்டத்துக்குள்ள கொஞ்சம் நாயை வெச்சே திரும்பத் திரும்பக் கலந்தா எந்த இனத்துலயும் ஒடுங்கின பழுது மேல வரும். வெள்ளை ராஜபாளையத்துல பிறவிச் செவிடு இருக்கறது அந்தப் பக்கத்துக்காரர் உங்களுக்கே தெரியும்.

"ரெண்டு சாதியைக் கலந்து விடு"ங்கிறதும் எல்லா நேரமும் காப்பாத்தாது. லேப்ரடார்-பூடில் கலப்பை இப்ப பெரிய விலைக்கு விக்கிறாங்க. லேப்ல இருக்கிற பி.ஆர்.சி.டி பழுதும் பூடில்ல இருக்கிறதும் ஒரே பழுது. கேரியர் லேப், கேரியர் பூடில் சேர்ந்தா கலப்புக் குட்டிக்கும் அதே 25 சதவீதம்தான்.

ப்ளூஐஸ்_கார்த்தி எழுதியது:

பாஸ், என்கிட்ட மெர்ல் ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் ஜோடி இருக்கு. ரெண்டும் மெர்ல்ங்கறதால குட்டி சூப்பர் கலர்ல வரும், வேணும்னா இன்பாக்ஸ் வாங்க.

நால்கால்_வைத்தியர் எழுதியது:

கார்த்தி, தயவுசெய்து அந்த ஜோடியைச் சேர்க்காதீர்கள். மெர்ல் நிறம் பி.எம்.இ.எல் மரபணுவில் செருகப்பட்ட ஒரு துண்டால் வருவது. ஒரு பிரதி இருந்தால் அழகான திட்டு நிறம். இரண்டு பிரதி சேர்ந்தால், அதாவது நாலில் ஒரு குட்டி, பெரும்பாலும் வெள்ளையாகப் பிறக்கும். சுருங்கிய கண், சிதைந்த கண்பாப்பா, கேட்காத காது எல்லாம் அதில் அடிக்கடி வரும். டாக்ஸ்ஹண்டில் டாப்பிள் என்று சொல்வதும் இதே மெர்ல்தான். உங்கள் ஜோடிக்கு டெஸ்ட்கூட வேண்டியதில்லை, மெர்லையும் மெர்லையும் சேர்க்காமல் இருந்தாலே போதும்.

விற்பனை விளம்பரம் இந்த இழையில் வேண்டாம்.

குட்டைக்கால்_ராணி எழுதியது:

டாக்ஸ்ஹண்ட்னு பேச்சு வந்ததால கேக்குறேன். எங்க மினியேச்சர் நீளமுடி டாக்ஸ்ஹண்டுக்கு டி.என்.ஏ டெஸ்ட் பண்ணோம். கார்ட்1-ங்கிற விழித்திரை நோய்க்கு ரெண்டு பிரதியும் பழுதுன்னு வந்திருக்கு. அவளுக்கு ஒம்பது வயசு, கொசுவைக்கூட விரட்டிப் பிடிக்கிறா. ரிப்போர்ட் தப்பா? ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்ல.

ஜீன்கிறுக்கி எழுதியது:

அக்கா, நிம்மதியாத் தூங்குங்க. ரிப்போர்ட்டும் சரி, உங்க பொண்ணும் சரி. கார்ட்1 கதை இந்தத் துறையில எல்லாரையும் பணிய வெச்ச கதை. இங்கிலாந்துல நியூமார்க்கெட்ல இருந்த அனிமல் ஹெல்த் டிரஸ்ட்ல கேத்ரின் மெல்லர்ஷ் குழு 2006-ல ஆர்.பி.ஜி.ஆர்.ஐ.பி.1 மரபணுவுல 44 எழுத்து கூடுதலாச் செருகியிருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. ஆராய்ச்சிக்கு வளர்த்த நாய்கள்ல ரெண்டு பிரதி உள்ளதெல்லாம் சின்ன வயசுலயே பார்வை இழந்துச்சு. ஆனா வீட்டு நாய்களைச் சோதிச்சா ரெண்டு பிரதி வெச்சுக்கிட்டு வயசான காலத்துலயும் நல்லாப் பார்க்கிற நாய்கள் வரிசையா வந்துச்சு. 2016-ல விடை கிடைச்சது. மேப்9-னு இன்னொரு மரபணுவுலயும் மாற்றம் இருந்தாத்தான் நோய் சீக்கிரமா, கடுமையா வருது. ஆராய்ச்சி நாய்கள் எல்லாம் ஒரே குடும்பம், அதனால ரெண்டும் சேர்ந்தே இருந்திருக்கு, யாருக்கும் தனியாத் தெரியல.

வருஷத்துக்கு ஒரு தடவை கண் பரிசோதனை மட்டும் பண்ணுங்க, போதும். பி.ஆர்.சி.டி-க்கு இந்தச் சலுகை கிடையாது. அதுல ரெண்டு பிரதி இருந்தா நோய் வந்தே தீரும், எந்த வயசுலங்கிறதுதான் இனத்துக்கு இனம் மாறும்.

பழைய_கென்னல் எழுதியது:

அம்மிணி சொல்றதை எல்லாம் படிச்சேனுங்க. சரி, அப்படியே வெச்சுக்குவோம். அப்ப கேரியர்னு வந்த நாயை எல்லாம் ஒதுக்கிப் போட்டா ஒரே தலைமுறையில முடிஞ்சு போச்சே? அதை விட்டுட்டு எதுக்கு இத்தனை பேச்சு?

ஜீன்கிறுக்கி எழுதியது:

ஐயா, அதுதான் பண்ணவே கூடாதது. உதாரணத்துக்கு ஒரு ஊர்ல குட்டி எடுக்கிற 100 லேப்ல 30 கேரியர்னு வெச்சுக்குங்க. 30-ஐயும் ஒதுக்கினா மிச்சம் 70-க்குள்ளேயே எல்லாக் கலப்பும் நடக்கணும். அந்த 30-ல நல்ல இடுப்பு, நல்ல குணம், நல்ல இதயம் உள்ள நாய்கள் எத்தனை இருந்திருக்கும்? எல்லாம் போச்சு. மிச்சம் 70-ல இன்னும் யாருக்கும் டெஸ்ட் இல்லாத வேற பழுது மறைஞ்சிருக்கும். வட்டம் சுருங்கச் சுருங்க அது ரெண்டு பிரதியா வெளிய வரும். ஒரு நோயை விரட்டி இன்னொண்ணை வீட்டுக்குள்ள கூப்பிட்ட மாதிரி.

கேரியரைச் சுத்தமான நாயோட மட்டும் சேர்த்தா ஒரு குட்டிகூடக் குருடாகாது. பாதிக் குட்டி சுத்தம், பாதி கேரியர். சுத்தமா வந்ததுல நல்லதை அடுத்த தலைமுறைக்கு வெச்சுக்கிட்டா ரெண்டு மூணு தலைமுறையில பழுது தானாக் குறையும், நல்ல ரத்தமும் போகாது. கேரியர் நோயாளி இல்ல, அதைப் பார்த்து முகஞ்சுளிக்க வேண்டியதில்ல.

இன்னொண்ணு. இதுல பாதிப் பிரச்சனை சாம்பியன் மோகத்தால வருது. ஒரு ஆண் ஷோல ஜெயிச்சா எல்லாரும் அவன்கிட்டதான் பெட்டையைக் கொண்டு போறாங்க. அவன்கிட்ட ஒரு பழுதுப் பிரதி இருந்தா அது பாதிக் குட்டிங்களுக்குப் போகும். அப்புறம் லைன் ப்ரீடிங்னு சொல்லி பேத்தியைத் தாத்தாகிட்டயே கொண்டு வருவாங்க. அந்தக் கலப்புல பிறக்கற குட்டிக்கு, எந்த மரபணுவை எடுத்தாலும் ரெண்டு பிரதியும் ஒரே மூதாதைகிட்டேர்ந்து வந்திருக்க 12.5 சதவீதம் வாய்ப்பு. அண்ணன் தங்கச்சி கலப்புன்னா 25. பிரிட்டிஷ் கென்னல் கிளப் 2009-லேர்ந்து அப்பன்-மகள், தாய்-மகன், உடன்பிறப்புக் கலப்புல வர்ற குட்டிகளைப் பதிவு பண்றதில்ல.

கொடைரோடு_ரவி எழுதியது:

12.5-னா மனுஷங்கள்ல தாய்மாமன் கல்யாணக் கணக்கு வருதே?

நால்கால்_வைத்தியர் எழுதியது:

அதே கணக்குதான். தாய்மாமன் - அக்கா மகள் என்றால் 12.5, மாமன் மகள், அத்தை மகன் என்றால் 6.25. மனிதர்களுக்கு வரும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவும் பி.ஆர்.ஏ-வும் ஒரே குடும்பத்து நோய்கள், சொந்தத்தில் கல்யாணம் ஆன வீடுகளில் அதன் ஒடுங்கு வகைகள் அதிகம் தெரிவதும் இதனால்தான். இன்னொரு ஆச்சரியம் சொல்கிறேன். 2006-ல் நாய்களில் கண்டுபிடித்த அதே பி.ஆர்.சி.டி எழுத்து மாற்றம், அச்சு அசலாக, வங்கதேசத்தைச் சேர்ந்த ஒரு மனித நோயாளியிடமும் இரண்டு பிரதியாக இருந்தது. அதே ஆய்வுக் கட்டுரையிலேயே அது வெளியானது.

மணல்மேட்டான் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கன்னத்து உள்பக்கம் பஞ்சால தடவி எடுத்து டி.என்.ஏ டெஸ்டுக்கு அனுப்பினோம். இன்னைக்கு ரிப்போர்ட் வந்துச்சு. பி.ஆர்.சி.டி, ரெண்டு பிரதியும் பழுது. க்ராஸ் கேட்ட நண்பர்கிட்ட விஷயத்தைச் சொல்லிட்டேன். இணையத்துல தேடும்போது குருட்டு நாய்க்கு மரபணு சிகிச்சை பண்ணிப் பார்வை வந்துச்சுன்னு படிச்சேன். நிஜமா? இவனுக்குக் கிடைக்குமா?

ஜீன்கிறுக்கி எழுதியது:

நிஜம், ஆனா வேற இனம், வேற மரபணு. பிரியார்ட்னு பிரெஞ்சு மேய்ச்சல் நாய் இனம் ஒண்ணு. அதுல ஆர்.பி.இ.65 மரபணுவுல நாலு எழுத்து காணாமப் போனதால பிறவியிலேயே பார்வை மங்கின நாய்கள் ஸ்வீடன்ல இருந்துச்சு. அந்த நோய்ல செல்கள் சீக்கிரம் சாகறதில்ல, ஒளியை உணரத் தேவையான வைட்டமின் ஏ சார்ந்த பொருள் மட்டும் கிடைக்காம சும்மா காத்துக்கிட்டிருக்கும். அதனால நல்ல மரபணுவை ஆபத்தில்லாத வைரஸ்ல ஏத்தி விழித்திரைக்கு அடியில ஊசி போட்டதும் வேலை செஞ்சுது. 2001-ல முடிவு வெளியாச்சு. லான்சலாட்ங்கிற நாய் அமெரிக்க காங்கிரஸ் வரைக்கும் போய் நின்னுச்சு. அதே வழியில மனுஷங்களுக்கு வந்த லக்ஸ்டர்னா மருந்துக்கு 2017 டிசம்பர்ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. அங்க ரெண்டு கண்ணுக்கும் வெச்ச விலை 8,50,000 டாலர்.

பி.ஆர்.சி.டி-ல செல்களே ஒவ்வொண்ணா அழியுது. இதுக்கு வீட்டு நாய்க்குக் கிடைக்கிற சிகிச்சை இன்னும் இல்ல. சொட்டு மருந்து, மாத்திரைன்னு யாராவது விக்க வந்தா நம்பாதீங்க.

நால்கால்_வைத்தியர் எழுதியது:

பார்வை போவது மெதுவாக என்பது ஒரு வசதி, இப்போதே பழக்கலாம். "படி", "நில்லு", "இடப்பக்கம்" போன்ற சொற்களை இன்னும் பார்வை இருக்கும்போதே சொல்லிக்கொடுங்கள். மாடிப்படி மேல் அடியிலும் கீழ் அடியிலும் கரடுமுரடான மிதியடி போடுங்கள், காலால் தெரிந்துகொள்வான். தண்ணீர்க் கிண்ணத்தை இடம் மாற்றாதீர்கள். மாடிக் கைப்பிடிச் சுவரில் இடைவெளி இருந்தால் அடைத்துவிடுங்கள். இந்த நோயில் வலி இல்லை.

பழைய_கென்னல் எழுதியது:

டெஸ்ட் எடுக்கறது நல்லதுதான்னு ஒத்துக்கறேன், ஆனாலும் ஒண்ணு சொல்றேனுங்க. என்கிட்ட குட்டி வாங்க வர்றவன் என்ன கேக்கறான்? தலை பெருசா இருக்கா, கலர் சாக்லேட்டா, அப்பன் போட்டோ காட்டு, ரேட்டைக் கொறை. அவ்வளவுதான். ஒருத்தன் கூட டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டதில்ல. நான் ஒவ்வொரு நாய்க்கும் காசு போட்டு டெஸ்ட் எடுத்து குட்டிக்கு ரேட்டு ஏத்தினா, பக்கத்து ஊர்க்காரன்கிட்ட கொறைச்ச ரேட்டுக்கு வாங்கிட்டுப் போயிருவான். பழியை மட்டும் எங்க தலையில வெக்காதீங்க.

மணல்மேட்டான் எழுதியது:

ஐயா சொல்றது நியாயம்தான். என் கையில இருக்கிற பேப்பர்ல அப்பன், தாத்தன், பாட்டி பேரு, பட்டம் எல்லாம் இருக்கு, கண்ணைப் பத்தி ஒரு வரி இல்ல. நானும் வாங்கும்போது பட்டத்தைத்தான் பார்த்தேன்.

கடைசியா ஒண்ணு. இவன்கூடப் பிறந்த பெட்டை ஒண்ணு திருச்சியில இருக்கு. போன்ல பேசினேன். அவங்களுக்கு இருட்டுலயும் நல்லாப் பார்க்குதாம், அடுத்த ஹீட்ல க்ராஸ் போடப் போறாங்களாம். என்ன சொல்லட்டும்?

ஜீன்கிறுக்கி எழுதியது:

இப்ப நல்லாப் பார்க்குதுங்கிறதை வெச்சு முடிவு பண்ண வேண்டாம்னு சொல்லுங்க. சில லேப்ல அறிகுறி இன்னும் தாமதமாத்தான் தெரியும். அவளுக்கு நோய் இல்லவே இல்லைன்னு வெச்சுக்கிட்டாலும், ரெண்டு பேரோட அப்பன் தாயும் கேரியர்னா, அவ கேரியரா இருக்க மூணுல ரெண்டு வாய்ப்பு. முதல்ல அவளுக்குக் கன்னத்துப் பஞ்சு டெஸ்ட். ரெண்டு பிரதியும் பழுதுன்னா க்ராஸ் வேண்டாம். ஒரு பிரதின்னு வந்தா க்ராஸ் போடலாம், ஆனா வர்ற ஆண் பி.ஆர்.சி.டி சுத்தம்னு ரிப்போர்ட் இருக்கணும், ரிப்போர்ட்ல இருக்கிற மைக்ரோசிப் நம்பரும் அந்த ஆணோட கழுத்துல ஸ்கேனர் வெச்சா வர்ற நம்பரும் ஒண்ணான்னு நேர்ல பார்க்கச் சொல்லுங்க. அப்பன் பேரைச் சொல்லி "அவன் சுத்தம், அதனால மகனும் சுத்தம்"னா ஒத்துக்காதீங்க, தாய் ரிப்போர்ட்டும் கையில இருந்தாத்தான் அந்தப் பேச்சு செல்லும். பிறக்கற குட்டிகள்ல எதை வளர்ப்புக்கு வெச்சுக்கப் போறாங்களோ அதுக்கு மட்டும் டெஸ்ட் எடுத்தாப் போதும், மத்ததை வாங்கறவங்ககிட்ட "தாய் கேரியர், அப்பன் சுத்தம், இதுக்குப் பார்வை போகாது, க்ராஸ் போடறதுக்கு முன்னாடி டெஸ்ட் எடுங்க"ன்னு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க.